ஃபேக்டரி மண்டியாவுக்குப் போகட்டும், எங்கள் கணக்கை முடித்துவிட்டுப் போகட்டும்

கர்நாடக அரசின் தொழிலாளர் துறைக்கும் ஜவுளித் துறைக்கும் ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

பெங்களூர் கார்மென்ட்ஸ் ஃபேக்டரிகள் வெளியூருக்கு மாறும்போது வேலை இழக்கிற பெண்களைப் பற்றிய மடல் இது. இதன் சுருக்கத்தைக் கன்னடத்தில் மனுவாக எழுதி, பன்னேருகட்டா ரோட்டில் தொழிலாளர் துறை இருக்கும் கார்மிக பவனில் கொடுத்திருக்கிறோம். மனு ஒரு பக்கத்தைத் தாண்டினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்று சொன்னார்கள், அதனால் அதில் பாதிக்கு மேல் விட்டுப்போனது. விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். தமிழில் எழுதக் காரணம், பொம்மனஹள்ளியிலும் மைசூர் ரோட்டிலும் பீன்யாவிலும் மிஷின் முன்னால் உட்காருகிற பெண்களில் தமிழ்க்காரர்கள் நிறையப் பேர். உங்களிடம் என்ன கேட்கிறோம் என்பதை அவர்களும் படித்துப் பார்த்து, சரியா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

நான் டைலராகச் சேர்ந்து, செக்கராகி, இப்போது முதுகுவலியோடு வீட்டில் இருப்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருப் பெண்களுக்கு பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) படிவங்களை நிரப்பிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. ஆதாரில் ஒரு பெயர், பிஎஃப் கணக்கில் ஒரு பெயர் என்று இருப்பதைச் சரிசெய்வதுதான் இதில் முக்கால்வாசி வேலை. (தமிழ்ப் பெயரில் இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா என்பது பிஎஃப் கம்ப்யூட்டருக்கு இன்றுவரை விளங்கவில்லை.) இவர்கள் கொண்டுவரும் செட்டில்மென்ட் தாள்களில் ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. வேலையை விட்ட காரணம்: ராஜினாமா, சொந்தக் காரணம். ஃபேக்டரிதான் மத்தூர் பக்கமோ மண்டியா பக்கமோ போயிருக்கிறது. தாளில் பார்த்தால் போனது இந்தப் பெண்கள்.

இது எப்படி நடக்கிறது என்று உங்கள் இன்ஸ்பெக்டர்களுக்குத் தெரியாமல் இருக்காது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேலே போகும் ஃபைலில் இந்தப் பகுதி இருக்காது.

முதலில் ஓவர்டைம் நிற்கும். ஆர்டர் இல்லை என்பார்கள். வேலையை விட்டுப் போகிறவர்களுக்குப் பதிலாகப் புது ஆள் எடுக்க மாட்டார்கள். அப்புறம் ஒரு லைனைக் கலைத்து அடுத்த லைனோடு சேர்ப்பார்கள். காலர் வைக்கிறவளைப் பாக்கெட்டில் உட்கார வைத்துவிட்டு, டார்கெட் வரவில்லை என்று சூப்பர்வைசர் கத்துவார். அந்தக் கத்தலிலேயே சிலர் போய்விடுவார்கள், அது கம்பெனிக்கு லாபக் கணக்கு. பிறகு ஒரு சாயங்காலம் லாரி வரும். ஓவர்லாக் மிஷின்களை ஏற்றுவார்கள். கேட்டால் சர்வீசுக்குப் போகிறது என்று பதில். சர்வீசுக்குப் போன மிஷின் திரும்பி வந்ததை யாரும் பார்த்ததில்லை. கடைசியில் ஆளாளுக்கு ஒரு கடிதம் கொடுப்பார்கள், ஆங்கிலத்தில். நிர்வாக வசதிக்காக உங்களை இன்ன ஊர் யூனிட்டுக்கு மாற்றியிருக்கிறோம், இன்ன தேதிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும் என்று இருக்கும். வேலையில் சேர்ந்த அன்றைக்குக் கையெழுத்து வாங்கிய அப்பாயின்ட்மென்ட் லெட்டரில், கம்பெனியின் எந்த யூனிட்டுக்கும் மாற்றலாம் என்று ஒரு வரி இருந்திருக்கும். அன்றைக்கு அதைப் படித்தவர் யார்?

சில கம்பெனிகள் முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு பஸ் விடும். விடியற்காலையில் ஏறி, இருட்டிய பின் இறங்க வேண்டும். பஸ் நின்றதும் போகிறவர்கள் நின்றுவிடுவார்கள். ஹெச்ஆரில் கூப்பிட்டு, 'வராமல் இருந்தால் ஒழுங்கு நடவடிக்கை வரும், ராஜினாமா எழுதிக் கொடுத்தால் பிஎஃப் பணம் சீக்கிரம் கிடைக்கும்' என்பார்கள். ராஜினாமாக் கடிதம் ஏற்கனவே டைப் அடித்துத் தயாராக இருக்கும். பெயரும் டோக்கன் நம்பரும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

இங்கே பழைய கட்டடத்தில் சாம்பிள் ரூமும் ஆபீசும் மட்டும் நடந்துகொண்டிருக்கும். ஆகவே சட்டத்தின் கண்ணில் ஆலை மூடவில்லை. ஆட்குறைப்பும் செய்யவில்லை. உங்கள் துறையிடம் அனுமதி கேட்க வேண்டிய அவசியமும் வரவில்லை.

அந்த ஒரு கையெழுத்தின் விலை என்ன என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதச் சம்பளம் 13,000 ரூபாய், 12 வருட சர்வீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 26 வேலைநாள் கணக்கில் ஒரு நாளைக்கு 500 ரூபாய். எல்லாவற்றையும் தோராயமாக இதே கணக்கில் போடுகிறேன்; மாதத்தை 30 நாளாக எடுத்தால் இழப்பீடு கொஞ்சம் குறையும். ஆட்குறைப்பு என்று எழுதியிருந்தால், சர்வீஸ் ஆன ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் வீதம் 90,000 இழப்பீடு. ஒரு மாத நோட்டீஸ் கொடுக்காவிட்டால் அதற்கு 13,000. புதிய தொழில் உறவுச் சட்டத்தில் மறுபயிற்சி நிதி என்று ஒன்று வந்திருக்கிறதே, ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்காக முதலாளி 15 நாள் சம்பளம் கட்ட வேண்டும், 45 நாளுக்குள் அது தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும் என்று; அதில் 7,500. இந்த மூன்றும் சேர்த்து 1,10,500 ரூபாய். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, 90,000 தனி. ராஜினாமா என்று எழுதினால் அந்த 90,000 கிராஜுவிட்டி மட்டும்தான் மிஞ்சும். சர்வீஸ் ஐந்து வருடம் ஆகாதவளுக்குப் பொதுவாக அதுவும் கிடையாது.

இதோடு முடியவில்லை. இஎஸ்ஐயில் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்று 2005-லிருந்து ஒரு திட்டம் இருக்கிறது. இரண்டு வருடமாவது இஎஸ்ஐ கட்டியவர் ஆலை மூடியதாலோ ஆட்குறைப்பாலோ வேலை இழந்தால், பாதிச் சம்பளம் வரை உதவித்தொகை, குடும்பத்துக்கு இஎஸ்ஐ ஆஸ்பத்திரி, தொழில் பயிற்சி என்று இரண்டாண்டு வரை தாங்கும் ஏற்பாடு. எங்கள் மாதிரிப் பெண்ணுக்கு மாதம் 6,500 ரூபாய் என்றால் வீட்டு வாடகை போய்விடும். மாமியாருக்கு சர்க்கரை மாத்திரை வாங்குகிற கவலை இருக்காது. ஆனால் தானாக வேலையை விட்டவளுக்கு இந்தத் திட்டம் இல்லை. இப்படி ஒரு திட்டம் இருப்பதாகக் கேள்விப்பட்ட பெண்களை எங்கள் தெருவில் விரல் விட்டு எண்ணலாம். கேள்விப்பட்டிருந்தாலும் பயனில்லை, கையெழுத்துப் போட்டாயிற்றே.

'ஏன் போக மாட்டேன் என்கிறீர்கள், வேலை அங்கே இருக்கிறதே' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெண்களுக்கு 2023 ஜூனிலிருந்து அரசு பஸ் இலவசம், அதற்கு உங்கள் அரசுக்கு நன்றி. டிக்கெட்டுக்குக் காசு வேண்டாம், நேரம் வேண்டுமே. பொம்மனஹள்ளியிலிருந்து மத்தூர் கிட்டத்தட்ட 80 கிலோமீட்டருக்கு மேல். காலை ஒன்பது மணிக்கு மிஷினில் உட்கார வேண்டும் என்றால் எத்தனை மணிக்கு அடுப்பு பற்ற வைப்பது? குடும்பத்தோடு அங்கேயே குடிபோகலாம் என்றால், கணவர் ஓட்டும் ஆட்டோவுக்கு பெர்மிட் பெங்களூருக்கு. இந்த வீட்டுக்குக் கொடுத்த பத்து மாத அட்வான்ஸை வீட்டுக்காரர் உடனே திருப்பித் தர மாட்டார். மகள் பியூசி இரண்டாம் வருடம். மகளிர் சங்கத்தில் வாங்கிய கடனுக்கு வாரா வாரம் பத்துப் பேர் சேர்ந்து தவணை கட்டுகிறார்கள், நடுவில் ஒருத்தி ஊரை விட்டுப் போனால் மற்ற ஒன்பது பேர் கேட்க மாட்டார்களா? அங்கே போனால் சம்பளமும் குறையலாம். குறைந்தபட்சச் சம்பளம் மண்டலத்துக்கு மண்டலம் வேறு. பெங்களூர் மண்டலத்தின் தொகை கிராமப்புற மண்டலத்தில் இல்லை. அந்த வித்தியாசத்துக்காகத்தானே ஃபேக்டரியே போகிறது.

வேறு காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. வாடகை ஏறிவிட்டது. இங்கே ஆள் நிற்பதில்லை, பக்கத்து கம்பெனியில் ஐந்நூறு ரூபாய் கூடக் கிடைத்தால் மாறிவிடுகிறார்கள். சொந்த இடத்தில் ஃபேக்டரி வைத்திருப்பவருக்குச் சட்டை தைப்பதைவிட நிலத்தை விற்பது லாபம். இது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. மல்லேஸ்வரத்தில் ராஜா மில் இருந்த இடத்தில் மந்திரி மால் நிற்கிறது. பின்னி மில் இருந்த இடத்தில் அடுக்குமாடிகளும் மாலும். அந்த மில்களை நம்பி மாகடி ரோட்டிலும் ஸ்ரீராமபுரத்திலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் மூன்றாம் தலைமுறைதான் இன்றைக்கு அந்த மால்களில் செக்யூரிட்டி வேலையும் ஹவுஸ்கீப்பிங்கும் பார்க்கிறது.

ஆனால் இந்தக் காரணங்களோடு உங்கள் பணமும் சேர்ந்திருக்கிறது. ஜவுளித் துறையைப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன். 2019-24 ஜவுளி, ஆயத்த ஆடைக் கொள்கையை எடுத்துக்கொள்ளுங்கள். மூலதன மானியம், வட்டிச் சலுகை, மின்கட்டணச் சலுகை என்று வரிசையாக இருந்தது. பெங்களூரை விட்டுத் தள்ளிப் போகப் போகச் சலுகை கூடுகிற மாதிரி மண்டலம் பிரித்திருந்தீர்கள். பின்தங்கிய மாவட்டத்துக்கு வேலை போக வேண்டும் என்பது நல்ல எண்ணம். மண்டியாவிலும் ஹாசனிலும் இருக்கும் பெண்கள் வேலைக்காக ஊரை விட்டு இங்கே வந்து, ஒரே அறையில் ஆறு பேராகப் படுத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சொந்த ஊர்ப் பக்கத்திலேயே வேலை கிடைத்தால் எனக்கு என்ன கசப்பு? அங்கே போகக் கூடாது என்று இந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

நான் கேட்பது வேறு. அங்கே 500 பேருக்குப் புதிதாக வேலை தருகிறேன் என்று ஒரு கம்பெனி ஜவுளித் துறையில் விண்ணப்பம் கொடுக்கிறது. அதே கம்பெனி இங்கே 500 பேரிடம் ராஜினாமா வாங்கிக்கொண்டிருக்கிறது. புது வேலையை எண்ணும் துறைக்குப் போன வேலை தெரியாது. போன வேலையைக் கவனிக்க வேண்டிய துறைக்கு மானியம் போவது தெரியாது. இரண்டு துறைகளும் ஒரே அரசு. ஒருவர் ஃபைலை இன்னொருவர் பார்த்தால் போதும், இதில் பாதித் தலைவலி தீர்ந்துவிடும்.

ஆகவே முதல் வேண்டுகோள் ஜவுளித் துறைக்கு. மானியம் கேட்டு வருகிற கம்பெனியிடம் ஒரு கேள்வி சேருங்கள்: இந்தப் புது யூனிட்டுக்கு எந்த யூனிட்டின் மிஷினும் ஆர்டரும் வருகிறது? அங்கே முந்தைய ஒரு வருடத்தில் பிஎஃப் கட்டப்பட்டவர்கள் எத்தனை பேர், இன்றைக்கு எத்தனை பேர்? பிஎஃப் செலான் மாதா மாதம் கம்ப்யூட்டரில் ஏறுகிறது, யாரும் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. குறைந்துபோன ஒவ்வொரு பெயருக்கும் என்ன கொடுத்தீர்கள் என்று ரசீது கேளுங்கள். ரசீது இல்லாவிட்டால் மானியத்தின் அடுத்த தவணை நிற்கட்டும். வழக்கு, கோர்ட் என்று நாங்கள் பத்து வருடம் நடப்பதைவிட இது வேகமாக வேலை செய்யும். வர வேண்டிய பணம் நின்றால் எந்த முதலாளிக்கும் காது நன்றாகக் கேட்கும்.

இரண்டாவது வேண்டுகோள் தொழிலாளர் துறைக்கு. இதுதான் இந்தக் கடிதத்தின் மையம், மற்றதெல்லாம் இதைச் சுற்றி வருவதுதான். ஃபேக்டரி ஊர் மாறும்போது கூடப் போக முடியாதவரை ராஜினாமா செய்தவராக எழுதக் கூடாது. ஆட்குறைப்பு செய்யப்பட்டவராகவே எழுத வேண்டும்.

இது என் ஆசைக் கற்பனை இல்லை. தில்லியில் நடந்திருக்கிறது. 1996 ஜூலை 8 அன்று, எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசு உண்டாக்கும் 168 ஆலைகள் அந்த ஆண்டு நவம்பர் 30-க்குள் தில்லியில் இயங்குவதை நிறுத்த வேண்டும், வேண்டுமானால் வேறு இடத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்று உத்தரவிட்டது. அதே தீர்ப்பில் தொழிலாளிகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்றும் வரி வரியாகச் சொன்னது. இங்கே மூடி அங்கே திறக்கும் வரையிலான காலமும் வேலை பார்த்த காலம்தான், முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும், சர்வீஸ் அறுபடக் கூடாது. கூடப் போகிறவருக்குப் புது ஊரில் குடியேற ஒரு வருடச் சம்பளம் போனஸ். போக விரும்பாதவர் ஆட்குறைப்பு செய்யப்பட்டவராகவே கருதப்படுவார். அவருக்குச் சட்டப்படியான இழப்பீடு, அதற்கு மேல் ஒரு வருடச் சம்பளம்.

போக விரும்பாதவர் ஆட்குறைப்பு செய்யப்பட்டவர். முப்பது வருடத்துக்கு முன்னால் நாட்டின் பெரிய கோர்ட்டு எழுதியது இது. அந்த வழக்கு மாசு பற்றியது, அந்த ஆலைகள் கோர்ட்டு சொல்லிப் போனவை, இங்கே போகிறவர்கள் லாபம் பார்த்துப் போகிறார்கள் என்று வித்தியாசம் சொல்லலாம். சரி. கோர்ட்டு விரட்டியதால் போன முதலாளியே அவ்வளவு கொடுக்க வேண்டும் என்றால், தானே விரும்பி, அரசு மானியமும் வாங்கிக்கொண்டு போகிறவர் அதில் பாதியாவது கொடுக்க வேண்டாமா?

தில்லியில் எல்லோருக்கும் அந்தப் பணம் கிடைத்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. கான்ட்ராக்டில் இருந்தவர்களும், மஸ்டர் ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் பெயர் ஏறாதவர்களும், கையில் ஒரு சம்பளச் சீட்டுகூட இல்லாதவர்களும் தீர்ப்பு இருந்தும் வெறுங்கையோடு நின்றார்கள். அதனால்தான் பட்டியலை முன்கூட்டியே எடுங்கள் என்கிறோம். முதல் லாரி வருகிற அன்றைக்கே எடுங்கள். ஆறு மாதம் கழித்து வரும் இன்ஸ்பெக்டருக்கு அங்கே காலி ஹாலும் வாட்ச்மேனும்தான் இருப்பார்கள்.

மூன்றாவதாகக் கேட்பதும் இதோடு சேர்ந்ததுதான். மாற்றல் கடிதம் கொடுக்கிற நாளில் ஃபேக்டரிக்குள்ளேயே உங்கள் ஆள் ஒருவர், இஎஸ்ஐ ஆள் ஒருவர், பிஎஃப் ஆள் ஒருவர் மேஜை போட்டு உட்காரட்டும். கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா தெரிந்தவர்களாக இருந்தால் நல்லது, இப்போது ஹாஸ்டல்களில் தங்கி வேலை பார்ப்பவர்களில் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள் அதிகம். போனால் என்ன கிடைக்கும், போகாவிட்டால் என்ன கிடைக்கும் என்று அவர்கள் மொழியில் சொல்லட்டும். அந்த மேஜைக்குப் போய் வராமல் வாங்கிய ராஜினாமாக் கடிதம் செல்லாது என்று ஒரு சுற்றறிக்கை போடுங்கள். புதுச் சட்டமே வேண்டாம் என்பது என் எண்ணம்; வேண்டும் என்று உங்கள் வக்கீல்கள் சொன்னால் கொண்டுவாருங்கள்.

மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன என்பது தெரியும். அதன்படி 300 பேருக்குக் குறைந்த ஆலையை மூட முன் அனுமதி தேவையில்லை. முன்பு அந்த வரம்பு 100. இங்கே 250 பேர், 280 பேர் வைத்து நடக்கும் யூனிட்டுகள் நிறைய உண்டு, இனிமேல் இன்னும் கூடும் என்று நினைக்கிறேன். மறுபயிற்சி நிதி நல்ல விஷயம்தான், ஆனால் அது ஆட்குறைப்புக்கு மட்டும். ராஜினாமா எழுதியவளுக்கு அந்த 15 நாளும் இல்லை. சட்டம் ஒரு கையால் கொடுத்ததை ஹெச்ஆரில் டைப் அடித்து வைத்திருக்கும் கடிதம் பிடுங்கிக்கொள்கிறது.

நடுவில் பிஎஃப் பற்றியும் கொஞ்சம். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை போனால் கைகொடுப்பது அது ஒன்றுதான். 2016-ல், பிஎஃபில் முதலாளி கட்டும் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதியை மாற்றியபோது, அந்த ஏப்ரலில் எந்தத் தலைவரும் கூப்பிடாமல் பெண்கள் ஓசூர் ரோட்டில் இறங்கி உட்கார்ந்தார்கள். இரண்டாம் நாளே, ஏப்ரல் 19-ம் தேதி, விதியைத் திரும்பப் பெற்றார்கள். தையல்காரிகளுக்கு ஓய்வூதிய நிதியைப் பற்றி என்ன இவ்வளவு கோபம் என்று அப்போது டிவியில் ஆச்சரியப்பட்டார்கள். நாற்பது வயதுக்கு மேல் யாரும் டைலர் வேலைக்கு எடுப்பதில்லை என்பது தெரிந்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருந்திருக்காது. 58 வரை எப்படிச் சாப்பிடுவது? 2025 அக்டோபரில் பிஎஃப் வாரியம் எடுத்த முடிவுப்படி, வேலை இழந்தவர் முக்கால் பங்கை உடனே எடுக்கலாம், கணக்கை முழுதாக முடிக்க ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். முன்பு அது இரண்டு மாதம். இது உங்கள் கையில் இல்லை. ஆனால் அந்த ஒரு வருடத்தை ஓட்ட இழப்பீடும் இஎஸ்ஐ தொகையும் முன்னைவிட இப்போதுதான் அதிகம் தேவை என்பதற்காகச் சொல்கிறேன்.

பயிற்சி பற்றிப் பேசாமல் முடியாது, அதில்தான் எங்கள் பெண்களுக்குச் சிரிப்பும் எரிச்சலும். பதினைந்து வருடம் சிங்கிள் நீடில் மிஷினில் ஏற்றுமதிச் சட்டை தைத்தவளை மூன்று மாத இலவசத் தையல் வகுப்பில் சேர்த்து, போட்டோ எடுத்து, சர்டிபிகேட் கொடுத்தார்கள். வகுப்பு நடத்திய பெண்ணுக்கு இவள்தான் மிஷினில் டென்ஷன் சரிசெய்து கொடுத்தாள். அடுத்த வருடம் அதே பெண்களுக்கு அழகுக்கலை வகுப்பு. ஒரே தெருவில் எத்தனை பியூட்டி பார்லர் பிழைக்கும்?

அவர்களுக்குத் தெரிந்த வேலையையே கொடுங்கள், அதுதான் பயிற்சியைவிட மேல். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடையைத் தைப்பது சமூகநலத் துறையின் கீழ் இருக்கும் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள். துணியை வெட்டிக் கொடுத்துவிடுகிறார்கள், பெண்கள் தைத்துக் கொடுத்துக் கூலி வாங்குகிறார்கள். கூலி குறைவு, பணம் தாமதம் என்று அங்கேயும் குறை உண்டு, என் சித்தி மகள் வேலூர் பக்கத்துச் சங்கத்தில் இருப்பதால் அந்தப் புலம்பல் எனக்கு வாராவாரம் போனில் வருகிறது. இருந்தும் அது வேலை. கர்நாடகத்திலும் வித்யா விகாச திட்டத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் சீருடை கொடுக்கிறீர்கள். அதில் ஒரு பங்கை, ஃபேக்டரி போனதால் வேலை இழந்த பெண்கள் சேர்ந்து வைக்கும் சங்கங்களுக்கு ஒதுக்க முடியாதா? அளவு எடுக்க, வெட்ட, தைக்க, காஜா போட, செக் பண்ண, அயர்ன் பண்ண, பேக் பண்ண என்று ஒரு முழு லைனே வேலையில்லாமல் எங்கள் தெருவில் உட்கார்ந்திருக்கிறது. சுகாதாரத் துறையில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, நர்ஸ் யூனிஃபார்ம் இருக்கிறது. இடம்தான் வேண்டும், மிஷின் கொஞ்சம் வேண்டும். மாநகராட்சிக் கட்டடங்களில் எத்தனை ஹால் பூட்டிக் கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்கு இதுவும் சிரமம். கண் போயிருக்கும், இடுப்பு போயிருக்கும். அவர்களுக்கு இஎஸ்ஐ தொடர்வதுதான் முக்கியம், அதற்கும் அந்த ஆட்குறைப்புத் தாள் தேவை. சுற்றிச் சுற்றி அங்கேதான் வருகிறேன், மன்னிக்க வேண்டும்.

வெளியூர் போன யூனிட்டுகள் அங்கே நிலைத்து நிற்கும் என்றும் யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. 2020 ஜூனில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில், கொரோனா நேரத்தில், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்த ஒரு கார்மென்ட்ஸ் யூனிட்டில் ஆர்டர் இல்லை என்று சொல்லி நிறுத்தினார்கள். மிஷின்களை வெளியே எடுத்துப் போவதைப் பார்த்த பெண்கள் அங்கேயே வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். யூனியனும், வெளிநாட்டுத் தொழிலாளர் அமைப்புகளும், துணி வாங்கும் பிராண்டும் தலையிட்ட பிறகுதான் பேச்சுவார்த்தை நகர்ந்தது. பிராண்ட் பெயர் உலகத்துக்குத் தெரிந்த பெயராக இருந்ததால் அவ்வளவாவது நடந்தது. உள்ளூர் பிராண்டுக்குத் தைக்கிற யூனிட் என்றால் யார் வந்திருப்பார்கள்? நாளைக்கு மண்டியாப் பெண்களுக்கும் இந்தக் கதிதான் என்பதால், நாங்கள் கேட்கிற விதி அவர்களுக்கும் சேர்த்துத்தான். முதலாளிக்கு அடுத்த மானியம் அடுத்த மாவட்டத்தில் இருக்கும், அவர்களுக்கு வீடு அங்கேதான் இருக்கும்.

எங்களில் பலர் கோலார் தங்கவயல்காரர்கள். சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-ல் மூடினார்கள். வேறு ஊருக்குப் போகவில்லை, மூடியே விட்டார்கள், ஆகவே இரண்டும் ஒன்றில்லை. ஆனால் வேலை போன பிறகு கணக்கை முடிக்காமல் விட்டால் ஒரு ஊர் என்ன ஆகும் என்று பார்க்க விரும்பும் அதிகாரி யாராவது இருந்தால், மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பும் பெங்களூர் ரயிலில் ஒரு நாள் ஏறிப் பார்க்கட்டும். உட்கார இடம் கிடைக்காது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

துணி வாங்கும் பிராண்டுகளுக்கும் எழுத வேண்டியது இருக்கிறது. அது வேறு கடிதம்.

உங்களிடம் கடைசியாக ஒன்று. எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் இந்த மாதிரிக் கையெழுத்துப் போட்டவர்களின் தாள்களைச் சேர்த்து வைத்திருக்கிறோம். அப்பாயின்ட்மென்ட் லெட்டர், மாற்றல் கடிதம், ராஜினாமாவின் நகல், கடைசிச் சம்பளச் சீட்டு, பிஎஃப் பாஸ்புக். ஒரே வாரத்தில், ஒரே யூனிட்டில், ஒரே வாசகத்தில் நாற்பது பேர் 'சொந்தக் காரணத்துக்காக' ராஜினாமா செய்திருப்பதை நீங்களே வரிசையாக அடுக்கிப் பார்க்கலாம். பெயர்களைப் பொதுவில் போட மாட்டோம், இன்னும் சிலர் வேறு கம்பெனிகளில் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஜவுளித் துறையிலிருந்து ஒருவரும் தொழிலாளர் துறையிலிருந்து ஒருவரும் ஒன்றாக உட்கார்ந்தால் கொண்டுவந்து காட்டத் தயார். கார்மிக பவனிலேயே வைத்துக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது. மற்ற நாளில் வந்தால், வேலையில் இருப்பவர்களுக்கு அட்டென்டன்ஸ் போனஸ் போய்விடும்.

இப்படிக்கு,
பொம்மனஹள்ளியிலிருந்து,
ஒரு பழைய கார்மென்ட்ஸ் தொழிலாளி